தட்டில் முளைத்த பூஞ்சணம்

சோறு இறங்கவில்லை என்று அம்மா சொன்னபோது நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அம்மாவுக்கு இறங்காதவை நிறைய உண்டு. அண்ணி வைத்த குழம்பு இறங்காது, நான் வாங்கிப்போகும் பிஸ்கட் இறங்காது, எங்கள் கடை முதலாளியைப் பற்றி நான் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் அதுவும் இறங்காது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கலஹாவுக்குப் போயிருந்தபோது, பால் விடாத சாயத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து ஓய்ந்தவளுக்குச் சாயத்தண்ணி இறங்கவில்லை என்றால் அது விளையாட்டில்லை.

எங்கள் வீட்டில் தொண்டை என்றாலே பயம். அப்பா தொண்டையில் புற்று வந்துதான் இறந்தார். அம்மாவும் அப்பாவைப் போலவே நாள் முழுக்க வெற்றிலை போடுகிறவள். போதாக்குறைக்கு மூச்சிழுப்பு வேறு. அதற்கு வாயில் அடிக்கும் பம்பு ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டே திரிவாள். நான் கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில் ஒரு பித்தளைச் சாமான் கடையில் வேலை செய்கிறேன், குடியிருப்பும் அங்கேதான். அம்மா கலஹாவில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அண்ணன் நல்லவர், ஆனால் ஆஸ்பத்திரி என்றால் அவருக்கு வாசலிலேயே வேர்த்துவிடும். ஆகவே அந்த வேலை எப்போதும் மகள் என் தலையில்தான் விடியும்.

கண்டியில் டாக்டரிடம் காட்டினேன். வாய் வழியாகக் கெமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். தொண்டை மரத்துப்போக மருந்து அடித்து அம்மாவை உள்ளே கூட்டிப்போனார்கள். நான் வெளியே கதிரையில் உட்கார்ந்து தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். வெளியே வந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. கேட்டதற்குப் பதிலும் இல்லை. தொண்டை மரத்திருக்கிறது, அதனால்தான் பேசவில்லை என்று நினைத்துக்கொண்டேன். டாக்டரும் என்னிடம் அதிகம் பேசவில்லை. உணவுக்குழாயில் சதை எடுத்திருக்கிறோம், ஆய்வுகூடத்து முடிவு வரட்டும், பிறகு சொல்கிறேன் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கையோடு கொண்டுபோய்க் கொடுத்தால் நல்லது என்று சொல்லி, ஒரு நர்ஸ் மிஸ் இரண்டு சின்னப் போத்தல்களை என்னிடம் தந்தார். தூக்கிப் பார்த்தேன். அடியில் கிடந்த சதை நொய்யரிசி அளவுகூட இல்லை. இதை வைத்தா ஒரு மனுசியின் தலையெழுத்தைச் சொல்லப் போகிறார்கள் என்று எனக்குத் திக்கென்றது. அம்மாவின் உடம்பிலிருந்து பிய்த்து எடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டு படி இறங்கினேன். சுவரைப் பிடித்துக்கொண்டே போனேன்.

ஆய்வுகூடத்தின் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் யாழ்ப்பாணத்துப் பெண். பேச்சிலேயே தெரிந்தது. இரண்டு போத்தலிலும் ஒரே சதைதானே, ஏன் இரண்டு என்று கேட்டேன். ஒன்றில் இருப்பது நெடியடிக்கும் மருந்துத் தண்ணீர். அதில் போட்ட சதையில் உயிரோடு எதுவும் மிஞ்சாது, அதை மெல்லிசாகச் சீவிப் பார்த்துப் புற்றா இல்லையா என்று சொல்வார்களாம். மற்றதில் வெறும் உப்புத் தண்ணீர். அதிலே ஏதாவது கிருமி இருந்தால் உயிரோடு இருக்கும்.

“அதை எடுத்துத் தட்டில வளர்த்துப் பார்ப்பம்” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிருமியை ஒழிக்கத்தான் ஆஸ்பத்திரி என்று இத்தனை வயது வரை நம்பியிருந்தேன். இவர்கள் தீனி போட்டு வளர்ப்பார்களாம். பாம்புக்குப் பால் வார்க்கிற கதையாக இருக்கிறதே என்று சொன்னேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு, வளர்ந்தால்தானே என்ன சாதி என்று தெரியும் என்றார். நான் சிரிக்கவில்லை.

அன்றைக்குக் கலஹா பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கமாகவே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். பேராதனை தாண்டி மேட்டில் ஏறும்போது என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அம்மா அப்படிச் செய்கிற ஆளில்லை. நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை.

சில நாட்கள் கழித்து நான் ஒரு குத்துவிளக்கைப் பொதிந்துகொண்டிருந்தபோது அண்ணன் போன் பண்ணினார்.

“தங்கச்சி, அம்மா சீலையெல்லாம் லயத்து வீடுகள்ல இருக்கவங்களுக்குக் குடுத்துக்கிட்டு இருக்கு. நீ கொஞ்சம் வந்துட்டுப் போ.”

போனேன். அம்மாவின் தகரப்பெட்டி திறந்து கிடந்தது. தீபாவளிக்கு நான் எடுத்துக்கொடுத்தது, அண்ணன் கல்யாணத்துக்கு எடுத்தது, எதுவும் இல்லை. ஒரே ஒரு சீலை மட்டும் மடித்து ஓரமாக இருந்தது. கடை மடிப்புக்கூடக் கலையாத புதுச் சீலை. இதை மட்டும் ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன்.

“பொறந்த வீட்டுக் கோடி கொண்டுவர எனக்கு யாரு இருக்கா? அண்ணந்தம்பி எல்லாம் போய்ச் சேந்துட்டானுங்க. அதான் நானே எடுத்து வச்சிக்கிட்டேன்” என்றாள், அரிசி விலையைச் சொல்வது போல.

செத்த பெண்ணுக்குப் போர்த்துவதற்குப் பிறந்த வீட்டார் கொண்டுவருகிற துணிதான் கோடி. உயிரோடு இருக்கிறவள் தன் கோடியைத் தானே வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கிறாள். அந்தப் பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். என்ன பைத்தியக்காரத்தனம் என்று கத்தினேன். அம்மா கத்தவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. எந்தச் சண்டையையும் விட்டுக்கொடுக்காத அம்மா, என் தலையைத் தடவிவிட்டு எழுந்து போனாள்.

அண்ணன் என்னைப் பீலிக்கரைக்குக் கூட்டிப்போய், தண்ணீர் விழுகிற சத்தத்தில் வைத்துச் சொன்னார். அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறாளாம். கெமரா விட்டுப் பார்த்த அறையில் டாக்டரும் மிஸ்ஸும் பேசிக்கொண்டதைத் தன் இரண்டு காதாலும் கேட்டாளாம். புத்து என்றுதான் சொன்னார்களாம். எங்கள் பக்கத்தில் புற்றைப் புத்து என்றுதான் சொல்வோம்.

இடி விழுந்தது போல நின்றேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாத டாக்டர், படுத்துக் கிடக்கிறவளின் தலைமாட்டில் வைத்து அதைச் சொல்லியிருக்கிறாரே என்று முதலில் கோபம்தான் வந்தது. அழுகை பிறகுதான் வந்தது. அம்மாவுக்குத் தெரியும் என்பது எங்களுக்குத் தெரியாதது போலவே இருந்துவிடலாம் என்று அண்ணனும் நானும் பேசிக்கொண்டோம். அப்பாவின் காலத்திலிருந்தே எங்களுக்குப் பழகிய வித்தை அது. அதன் பிறகு அம்மா சாப்பாட்டையே விட்டுவிட்டாள். அரைக் கோப்பை கஞ்சி, அதுவும் அண்ணி நின்று மிரட்டினால்தான். எப்படியும் போகிறதுக்குச் சோறு எதற்கு என்று கேட்டாளாம். முடிவு வருவதற்குள் பசியே அவளைக் கொண்டுபோய்விடும் போல இருந்தது.

முடிவு வந்ததென்று ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தபோது நான் தனியாகப் போனேன். டாக்டர் இரண்டு தாளையும் பார்த்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். புற்று இல்லை என்றார். எனக்குக் காது கேட்டது, மண்டைக்குள் போகவில்லை. திரும்பக் கேட்டேன். புற்று இல்லை, பூஞ்சைத் தொற்று, மாத்திரை போட்டால் போய்விடும், அன்றைக்குக் கெமராவில் பார்க்கும்போதே எனக்கு அப்படித்தான் பட்டது என்றார். எனக்கு விளங்கட்டும் என்று சாதாரணச் சிங்களத்தில் இன்னொரு தடவை சொன்னார்.

“புஸ். புஸ் பெந்திலா.”

பாண் ரொட்டியில் பூஞ்சணம் பிடித்தால் சிங்களவர் சொல்வார்களே, அதே புஸ். கடையில் மழைக்காலம் முழுக்க நான் கேட்கிற வார்த்தை. விளக்குப் பொதிகிற அட்டைப்பெட்டியில் பிடித்தால் நானே சொல்கிற வார்த்தை. அம்மா கேட்டது புத்து அல்ல, புஸ். அம்மாவுக்கும் கடைத்தெருச் சிங்களம் தெரியும்தான். ஆனால் வாயில் குழாயோடு ஒருக்களித்துப் படுத்துக் கிடக்கிறவளுக்கு, புருசனைத் தொண்டைப் புற்றுக்குக் கொடுத்தவளுக்கு, புஸ் என்றால் எப்படி புஸ் என்று கேட்கும்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அரண்டவள் காதுக்கும் அப்படித்தான் போலிருக்கிறது.

அம்மாவுக்குச் சீனி வியாதி உண்டா, என்னென்ன மருந்து எடுக்கிறாள் என்று டாக்டர் கேட்டார். சீனி இல்லை, இழுப்புக்குப் பம்பு மட்டும்தான் என்றேன். அடித்த பிறகு வாய் கொப்பளிக்கிறாளா என்றார். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கொப்பளிக்கச் சொல்லி கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் சொல்லித்தான் விட்டிருக்கிறார்கள். மருந்தை அடித்துவிட்டு உடனே கழுவித் துப்பினால் அது எப்படி வேலை செய்யும் என்பது அம்மாவின் கட்சி. மருந்து வீணாகக் கூடாதென்று அடித்த பிறகு வெகுநேரம் வாயையே திறக்க மாட்டாள். அந்த மருந்து தங்கின இடத்தில்தான் பூஞ்சணம் குடியேறியிருக்கிறது.

மாத்திரையை வாங்கிக்கொண்டு கலஹாவுக்குப் பறந்தேன். வாசலில் நின்றே சொல்லிவிட்டேன். அம்மா, ஒன்றுமில்லை, வெறும் பூஞ்சணம்தான், மாத்திரைக்குப் போய்விடும் என்று. அம்மா அழுவாள் என்று நினைத்தேன். இல்லாவிட்டால், கொடுத்த சீலையை எப்படித் திரும்ப வாங்குவது என்று கேட்பாள் என்று நினைத்தேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

“ஒங்கப்பாவுக்கும் பூஞ்சணந்தான்” என்றாள்.

அப்பாவிடம் கடைசிவரை புற்று என்று யாரும் சொல்லவில்லை. கதிர்ச் சிகிச்சை செய்த நாட்களில் அவர் நாக்கில் வெள்ளையாகப் படிந்தது, அது பூஞ்சணம் என்று அப்போதிருந்த டாக்டர் சொன்னார். அது உண்மை. அம்மா அந்தச் சின்ன உண்மையை எடுத்து முழு நோயின் மேலும் போர்த்திவிட்டாள். வெறும் பூஞ்சணந்தாங்க, மாத்திரைக்குப் போயிரும் என்று அப்பாவிடம் தினமும் சொன்னாள். எங்களையும் சொல்ல வைத்தாள். டாக்டர் காலில் விழாத குறையாக அவரையும் சொல்ல வைத்தாள். அப்பாவும் சாயங்காலமானால் வாயைத் திறந்து காட்டி, பூஞ்சணம் குறைந்துவிட்டது என்பார். கரைத்த கஞ்சியை முகம் சுளிக்காமல் குடிப்பார். ஏமாற்றிவிட்டோம் என்று நாங்கள் பின்பக்கம் போய் அழுவோம்.

அதே வார்த்தையை, வரி பிசகாமல், இப்போது நான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் மிஞ்சியிருந்தது.

புஸ் என்று சொன்னதைத்தான் புத்து என்று கேட்டிருக்கிறாய் என்று சொல்லிப் பார்த்தேன். நல்லாக் கதை கட்டுறியே என்றாள். ஆய்வுகூடத்துத் தாளைக் காட்டினேன். அது இங்கிலீசில் இருந்தது. தாளில் எதையும் எழுதலாம் என்றாள். மாத்திரையைக் கையில் வைத்தேன். சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். இதைவிடப் பெரிய அதிர்ச்சி அண்ணன் கொடுத்தார். என்னை மறுபடி பீலிக்கரைக்குக் கூட்டிப்போய், எங்கிட்டயாவது நெசத்தச் சொல்லு தங்கச்சி என்று கண் கலங்கக் கேட்டார். தலையில் அடித்துக்கொண்டேன். புலி வருது கதையில் புலி வந்தபோது யாரும் நம்பவில்லை. எங்கள் கதையில் புலி வரவில்லை என்று சொல்கிறேன், அதையும் நம்ப ஆளில்லை.

அதற்குள் அம்மாவின் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. மாத்திரை உள்ளே போகாவிட்டால் தொண்டை திறக்காது. நான் சொல்வதை நம்பாவிட்டால் மாத்திரை உள்ளே போகாது. மறுநாள் அம்மாவைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் கண்டிக்குப் போனேன். டாக்டர் பொறுமையாக, அரைத் தமிழில், புற்று இல்லை அம்மா என்றார். அம்மா பணிவாகத் தலையாட்டினாள். வெளியே வந்ததும், அவரயும் சொல்ல வச்சிட்டியாக்கும், நான் செஞ்சதத்தானே நீ செய்யிற என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பாராட்டுவது போலச் சொன்னாள். எனக்கு நடுவழியில் உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது.

அப்போதுதான் உப்புத் தண்ணீர்ப் போத்தல் ஞாபகம் வந்தது. அம்மாவை ஆய்வுகூடத்து ஜன்னலுக்குக் கூட்டிப்போனேன். அதே யாழ்ப்பாணத்துப் பெண் இருந்தார். ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு, அம்மாவுக்குக் கேட்காமல் விசயத்தைச் சொன்னேன். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம், வளர்த்ததை மட்டும் காட்டுங்கள் என்று கெஞ்சினேன். இப்படியெல்லாம் காட்டுகிற வழக்கமில்லை என்றார். அம்மாவைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், மூடி ஒட்டிய ஒரு வட்டத் தட்டைக் கொண்டுவந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிடித்தார்.

தட்டில் மஞ்சளாக, கட்டிப்பட்ட கஞ்சி மாதிரி ஏதோ பரப்பியிருந்தது. அதன் மேல் வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள், கொழுகொழுவென்று. தீற்றிய வழியில் வரிசையாக முளைத்திருந்தன. எனக்கே குமட்டியது. இத்தனையும் அந்த நொய்யரிசித் துண்டிலிருந்தா? அம்மா கண்ணாடியில் மூக்கு படும்படி குனிந்து பார்த்தாள்.

“இது யாரோடது?” என்று கேட்டாள்.

“உங்கட தொண்டையில அடைச்ச இடத்தில இருந்தே எடுத்ததுதான் அம்மா. அந்தத் துண்டை இதில தேய்ச்சு விட்டனாங்கள், முளைச்சிட்டுது. பாணில பூஞ்சணம் பிடிக்கிறேல்லையா, அந்தச் சாதிதான்.”

பிறகு, நான் சொல்லிக்கொடுக்காத, நானாக இருந்தால் யோசித்தே இருக்காத ஒரு கேள்வியைக் கேட்டாள்.

“புத்தும் இப்புடித் தட்டுல போட்டா மொளைக்குமா?”

“இல்லை அம்மா. புற்று இந்தத் தட்டில முளைக்காது.”

அம்மா நிமிர்ந்தாள். கண்ணாடியில் அவள் மூச்சுப் பட்டுப் புகை பிடித்திருந்தது. முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தாள். தாளில் எதையும் எழுதலாம். ஆளை என்னவும் சொல்ல வைக்கலாம். பூஞ்சணத்தை யாரும் பொய்யாக முளைக்க வைக்க முடியாது என்பது, ஆயுள் முழுக்கப் பாண் மிச்சம் வைத்துப் பழகியவளுக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்குக் கைகூப்பினாள். நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

வெளியே தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். முதல் மாத்திரையை அங்கேயே, என் கண் முன்னாலேயே போட்டுக்கொண்டாள். வலியில் கண்ணில் நீர் முட்டியது, ஆனாலும் விழுங்கினாள். எனக்கு வந்த சந்தோசத்தில் வாய் நிற்கவில்லை. பம்பு அடித்தால் கொப்பளிக்காமல் விடமாட்டேன் என்றேன். அந்தக் கோடிச் சீலையை நான் எடுத்துக் கடைக்குக் கட்டிக்கொண்டு போகப்போகிறேன் என்றேன். கொடுத்த சீலையைக் கட்டிக்கொண்டு லயமே உன் முன்னால் நடக்கப்போகிறது, பார்த்துக்கொண்டிரு என்று கேலி செய்தேன். அம்மா சிரிக்கவில்லை. சாயத்தண்ணியைத் தொடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ நெசத்தச் சொன்ன. நான் ஒன்ன நம்பல” என்றாள்.

அதற்கென்ன, இப்போது நம்பினாயே என்றேன்.

“நெசத்தச் சொன்னப்பவே எனக்கு நம்பிக்க வரல. நான் சொன்னது பொய்யாச்சே, புள்ள. தெனமும் சொன்னேன்.”

அவள் யாரைப் பற்றிப் பேசுகிறாள் என்று எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியபோது கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

“அந்திக்கு அந்திக்கு ஒங்கப்பா வாயத் தொறந்து காட்டி, பூஞ்சணம் கொறஞ்சிருச்சுன்னு சொல்வாரே” என்றாள் அம்மா. “அத எனக்காகத்தான் சொன்னாரா?”